அகலம் கேட்டவர்கள் இன்று அமைதி கேட்கிறார்கள்

டயர் கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி மாறிவிட்டது. 2013-ஐ ஒட்டிய ஆண்டுகளில், சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் புத்தம்புது போலோ ஜிடி டிஎஸ்ஐயைக் கொண்டுவந்து நிறுத்தும் இளைஞர், “அண்ணே, இதுல எவ்ளோ அகலம் வரைக்கும் போடலாம்?” என்றுதான் பேச்சை ஆரம்பிப்பார். இன்று அதே கார் வருகிறது. ஓட்டிவருபவருக்குக் காதோரம் கொஞ்சம் நரை. பின்சீட்டில் குழந்தைக்கான இருக்கை. “சத்தம் கம்மியா எது இருக்கு?” என்கிறார்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவே காருக்கு வயதாகியிருக்கிறது, சாலைகள் மாறியிருக்கின்றன, நம் காதும் மாறியிருக்கிறது. துடிப்பான காருக்கு அமைதியான டயர் தேடுவதை அந்தக் காரின் குணத்தையே விட்டுக்கொடுப்பதாக நினைப்பவர்கள் உண்டு. என் கருத்து வேறு. நல்ல காரை இன்னும் பல வருடம் ஆசையோடு ஓட்ட, இதைவிடப் பயனுள்ள செலவு கிடையாது. தேடுகிற விதம் சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போலோவையே எடுத்துக்கொள்கிறேன், நம் ஊரில் இந்தக் கேள்வியை அதிகம் கேட்பவர்கள் அதன் சொந்தக்காரர்கள்தான். புனே அருகே சாக்கன் ஆலையில் தயாரான ஜிடி டிஎஸ்ஐயை ஃபோக்ஸ்வாகன் 2013 ஏப்ரலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 105 குதிரைத்திறன், ஏழு கியர் டிஎஸ்ஜி. நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைப் பத்து நொடிக்குள் எட்டும் என்று நிறுவனம் சொன்னது. ஷோரூம் விலை எட்டு லட்சத்தைச் சுற்றி. அந்த விலையில், அந்த அளவில், அப்படியொரு கார் அன்று இங்கே கிடையாது. கீழே மாட்டியிருந்ததோ 185/60 ஆர்15 டயர். இவ்வளவு ஓடுகிற காருக்கு இவ்வளவு ஒல்லி டயரா என்பதுதான் வாங்கியவர்களின் முதல் குறை.

அதனால் அன்றைய வழக்கம், ஆயிரம் கிலோமீட்டர் ஓடுவதற்குள் கம்பெனி டயரைக் கழற்றிக் கடையிலேயே கொடுத்துவிட்டு 195/60-க்கோ, அலாய் வீலையும் சேர்த்து மாற்றிப் பதினாறு இஞ்சுக்கோ போவது. யோகோஹாமா எஸ்-டிரைவ், பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா போன்ற பெயர்கள் வாயில் புழங்கின. ‘வி’ வடிவில் இறங்கும் டிரெட் பார்க்கவே வேகமாக இருக்கும். அதற்கு ஒரு மவுசு இருந்தது. வளைவில் பிடிப்பு, ஸ்டியரிங்கைத் தொட்டவுடன் திரும்பும் சுறுசுறுப்பு, பக்கத்திலிருந்து பார்த்தால் வீல் ஆர்ச்சை நிறைக்கும் தோற்றம். இவை மூன்றும் கிடைத்தால் போதும். சத்தத்தைப் பற்றி யாராவது கேட்டால், எஞ்சின் சத்தத்தில் அது எங்கே கேட்கப்போகிறது என்று பேச்சு முடிந்துவிடும்.

அதற்கு முந்தைய தலைமுறைக்கு இந்தப் பேச்சே விளங்கியிருக்காது. அம்பாசடரும் பத்மினியும் நைலான் கிராஸ்-ப்ளை டயரில் ஓடிய காலத்தில் எஞ்சின், கியர்பாக்ஸ், கதவு எல்லாம் சேர்ந்து போட்ட இரைச்சலில் டயர் தனியாகக் காதில் விழ வழியில்லை. ஜேகே டயர் 1977-லேயே ரேடியலைக் கொண்டுவந்தது. எல்லாக் கார்களுக்கும் அது போய்ச் சேர வெகுகாலம் ஆனது.

இன்றைய நிலைமைக்கு வருவோம். 2022-ல் இந்தியாவில் போலோ உற்பத்தி நின்றது. அதன் இடத்தில் வைக்க அதே ருசியில், அதே அளவில் இன்னொரு கார் வரவில்லை. சந்தை முழுக்க உயரமான எஸ்யூவிகளாக மாறிவிட்டது. ஆகவே வைத்திருப்பவர்கள் விற்க மனமில்லாமல் பாதுகாக்கிறார்கள். எஞ்சின் இன்னும் நன்றாக இழுக்கிறது. கார் போகும் இடங்கள்தான் மாறிவிட்டன. அன்று ஞாயிறு விடியற்காலையில் ஈசிஆர். இன்று குடும்பத்தோடு மதுரைக்கோ கோவைக்கோ நான்குவழிச் சாலையில் ஆறேழு மணி நேரம், ஒரே சீராக. நாற்பது ஐம்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டி ஒரே சீராக ஓடும் காரில் எஞ்சினைவிட டயரின் சத்தமே மேலோங்கும். எஞ்சினை முடுக்கி ஓட்டிய காலத்தில் மறைந்திருந்த ‘ஊ…’ என்ற இரைச்சல், சீராக ஓட்டும் காலத்தில் முழுதாக வெளியே வந்துவிட்டது.

இன்னொரு காரணம் மின்சாரக் கார். நண்பரின் மின்காரில் ஒரு முறை ஊருக்குப் போய்வந்துவிட்டு நம் பழைய காரில் ஏறினால் அதுவரை தொந்தரவு செய்யாத சத்தமெல்லாம் தொந்தரவு செய்ய ஆரம்பிக்கும். எஞ்சினே இல்லாத காரில் டயரின் சத்தத்தை மறைக்க எதுவும் இல்லை என்பதால் டயர் நிறுவனங்களும் இதில் மிகுந்த அக்கறை காட்டுகின்றன. டயரின் உட்சுவரில் நுரைப்பட்டை ஒட்டிவரும் டயர்கள் அப்படிப் பரவியவைதான். டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்று ஏறக்குறைய 200 ஹெர்ட்ஸில் அதிர்ந்து, பள்ளத்தில் இறங்கும்போது ‘ணங்’ என்று உள்ளே கேட்கும். அந்த நுரை அதை அடக்குகிறது. பதினைந்து இஞ்ச் போலோவுக்கு அதைத் தேடி அலைய வேண்டாம். அவை பெரும்பாலும் பெரிய வீல்களுக்கு வருபவை. பஞ்சர் ஒட்டும்போது நுரையை வெட்டி எடுக்கும் வேலையும் கூடவே வரும்.

டயர் எப்படிச் சத்தம் போடுகிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் தேர்வு எளிது. டிரெட்டின் ஒவ்வொரு கட்டியும் ரோட்டில் அடித்து எழுகிறது. கட்டிகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் காற்று நசுங்கி வெளியே பீறிடுகிறது. எல்லாக் கட்டிகளும் ஒரே நீளமாக இருந்தால் அந்த அடிகள் ஒரே சுருதியில் சேர்ந்து பாட்டாகக் கேட்கும். அதனால் நல்ல டயரில் கட்டிகளின் நீளத்தைக் கூட்டியும் குறைத்தும் கலைத்துப் போட்டிருப்பார்கள். அப்போது சத்தம் ஒரு சுருதியில் குவியாமல் சிதறும். நடுவில் வெட்டுப்படாமல் சுற்றி ஓடும் பட்டை, ஓரத்தில் அடைத்த பள்ளங்கள், சிறிய கட்டிகள் எல்லாம் அமைதிக்கான அடையாளங்கள். பெரிய கட்டி, அகலத் திறந்த ஓரம், ‘வி’ டிரெட் எல்லாம் எதிர்ப்பக்கம். அன்று எதைப் பார்த்து மயங்கினோமோ அதுதான் இன்று காதைக் குடைகிறது.

சாலைக்கும் இதில் சரிபாதிப் பங்கு. ஜல்லி துருத்திய தார்ச்சாலையில் அடித்தொண்டையில் உறுமும் டயர், புதிதாக வழவழவென்று போட்ட தார்ப்பரப்பில் இறங்கியதும் சட்டென்று அடங்கிவிடும். குறுக்கே கோடு கீறிய கான்கிரீட்டில் அதே டயர் மெல்லிய குரலில் கூவும். மும்பை – புனே விரைவுச்சாலையில் போனவர்களுக்கு அந்தக் கூவல் தெரியும்; பெங்களூரில் தெருத்தெருவாக வெள்ளைக் கான்கிரீட் போட்ட பிறகு அங்கே இருப்பவர்களுக்கும் தெரியும். ஆகவே எந்த டயர் அமைதி என்ற கேள்விக்கு, எந்த ரோட்டில் என்று திருப்பிக் கேட்பவர்தான் விவரமான கடைக்காரர்.

பத்துப் பன்னிரண்டு வயதான காரில் வரும் இரைச்சல் முழுவதும் டயருடையதா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். பலர் இதைச் செய்யாமலேயே நாலு டயருக்கும் பணம் கட்டிவிடுகிறார்கள். ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். ரோடு எப்படியிருந்தாலும் ஒரே மாதிரி உறுமினால் வீல் பேரிங்கைச் சந்தேகப்பட வேண்டும். ஆளில்லாத நேராய்க் கிடக்கும் சாலையில் அறுபது எழுபதில் போகும்போது மெதுவாக இடப்பக்கம் வளையுங்கள். எடை வலதுபக்கச் சக்கரங்கள் மேல் விழும். அப்போது உறுமல் கூடினால் வலதுபக்க பேரிங் தேய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். வலப்பக்கம் வளைத்தால் இதற்கு நேர்மாறு. பேரிங் மாற்றும் செலவு நாலு டயர் செலவில் ஒரு பங்குதான். அதைவிட முக்கியம், தேய்ந்த பேரிங்கோடு நெடுஞ்சாலையில் ஓடுவது ஆபத்து.

அடுத்தது கையால் பார்க்கும் சோதனை. காரை நிறுத்தி, சூடு ஆறியதும், பின்சக்கரத்தின் உள்பக்க ஓரத்தில் உள்ளங்கையை வைத்துச் சுற்றுவாக்கில் தடவுங்கள். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போகும். மறுதிசையில் தடவும்போது ஒவ்வொரு கட்டியின் விளிம்பும் கையில் தட்டுப்பட்டால் டயர் பல் பல்லாகத் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். முன்சக்கர இழுவைக் கார்களில் பின் டயர்கள் சுமை குறைவாகச் சுமந்துகொண்டு இழுபட்டே ஓடுவதால் இப்படித் தேய்வது சகஜம். யாரும் அவற்றைக் குனிந்து பார்ப்பதில்லை என்பதால் வளர்ந்துகொண்டே போகும். முன்னும் பின்னும் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றிப் போட்டிருந்தால் பெருமளவு தவிர்த்திருக்கலாம். ஷாக் அப்சார்பர் சோர்ந்திருந்தாலும் அலைன்மென்ட் விலகியிருந்தாலும் இதே தேய்மானம் வரும். காரணத்தைச் சரிசெய்யாமல் புது டயர் போட்டால் ஒரு வருடத்தில் அதுவும் பல் வைத்துவிடும்.

பிறகு வயது. டயரின் பக்கவாட்டில் ‘டிஓடி’ என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசியில், நீள்வட்டத்துக்குள், நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. டிரெட் பாதி மிச்சமிருந்தாலும் நம் வெயிலில் ஆறேழு வருடம் கிடந்த ரப்பர், பென்சில் பெட்டியில் மறந்துபோன பழைய அழிரப்பர் மாதிரி இறுகிப்போயிருக்கும். இறுகிய கட்டி ரோட்டில் மெத்தென்று படியாமல் அடிக்கிறது, சத்தம் கூடுகிறது, மழையில் பிடிப்பும் போகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கப்படும் செல்லமான கார்களில்தான் இது அதிகம். கிலோமீட்டர் ஏறவில்லை என்பதால் டயரும் புதுசு என்று நினைத்துவிடுகிறோம். கடையில் புதிது என்று தருவதிலும் இந்த நான்கு இலக்கத்தைப் படித்துவிட்டே மாட்டச் சொல்லுங்கள்.

அகலம் பற்றிய அன்றைய ஆசைக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. உருளும் சத்தத்துக்கு ஐ.நா. விதிமுறை வைத்திருக்கும் இரண்டாம் கட்ட வரம்பில் கார் டயருக்கு 185 மில்லிமீட்டர் அகலம் வரை 70 டெசிபல். அதற்கு மேல் 245 வரை 71. 275-ஐத் தாண்டினால் 74. அகலம் கூடினால் சத்தம் கூடும் என்பதை ஒப்புக்கொண்டு எழுதிய எண்கள் இவை. இந்தியாவும் ஏஐஎஸ்-142 என்ற தரநிர்ணயத்தில் இதே இரண்டாம் கட்ட வரம்பைக் கொண்டுவந்தது. புதிய வடிவமைப்புகளுக்கு 2022 அக்டோபர் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2023 ஜூன் முதலும் அது நடைமுறைக்கு வந்தது. ஈரச்சாலைப் பிடிப்புக்கும் உருளும்போது ஏற்படும் எதிர்ப்புக்கும் அதிலேயே வரம்பு உண்டு. 2013-ல் டயர் வாங்கியவருக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இருக்கவில்லை. இது நல்ல மாற்றம்.

ஆனால் அந்த எண்ணை நம்பி மட்டும் வாங்கக்கூடாது. சோதனையில் காரின் எஞ்சினை அணைத்து, சாலையோரம் ஏழரை மீட்டர் தள்ளி மைக் வைத்து, 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கும் சத்தத்தை அளக்கிறார்கள். தெருவில் நிற்பவரின் காதுக்கான அளவு அது. கேபினுக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு வருவதில் பெரும்பகுதி சஸ்பென்ஷன் வழியாக, புஷ்கள் வழியாக, தரைத்தகடு வழியாக ஏறிவருகிறது. பன்னிரண்டு வயது காரில் அந்த புஷ்கள் இறுகியோ வெடித்தோ போயிருக்கும். கதவு பீடிங்கும் தளர்ந்திருக்கும். எனவே டயர் மாற்றும் அதே சமயத்தில் சஸ்பென்ஷனை மேலே தூக்கிப் பார்க்கச் சொல்வது புத்திசாலித்தனம். டேம்பிங் ஷீட் ஒட்டும் கடைக்குப் போவதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

சந்தையும் மாறியிருக்கிறது. 2020 ஜூனில் டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த சில நல்ல டயர்கள் நம் அளவுகளில் கிடைப்பது அதன் பிறகு அரிதானது. கிடைத்தாலும் பழைய தேதியில் கிடைத்தது. ஆர்வலர்கள் ஊர் ஊராகத் தொலைபேசியில் தேடிய காலம் அது. 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது வாங்குபவருக்குக் கிடைத்த நேரடி ஆறுதல். இடையில் உள்ளூர் நிறுவனங்களும் வசதிக்கும் அமைதிக்கும் என்றே தனி வரிசைகளைக் கொண்டுவந்துவிட்டன. மிஷலின் பிரைமசி, கான்டினென்டல் கம்ஃபர்ட் கான்டாக்ட், பிரிட்ஜ்ஸ்டோன் டுரான்சா என்று அடுக்கும் உரையாடலில் இன்று எம்ஆர்எஃப், அப்போலோ, சியட் டயர்களும் மதிப்போடு உட்காருகின்றன. திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாக 1946-ல் தொடங்கியது எம்ஆர்எஃப். ஒரகடத்தில் அப்போலோவும் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் சியட்டும் ஆலை நடத்துகின்றன. நம் ஊர் சாலையையும் வெயிலையும் வாசலிலேயே வைத்திருப்பவர்களின் டயரை முன்முடிவோடு ஒதுக்கத் தேவையில்லை.

சரி, எதைப் போடுவது? கம்பெனி கொடுத்த அதே 185/60 ஆர்15. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 195/60 போட்டால் டயரின் விட்டம் 603 மில்லிமீட்டரிலிருந்து 615 ஆகிறது. ஸ்பீடோமீட்டர் காட்டுவதற்கும் உண்மை வேகத்துக்கும் உள்ள கணக்கு இரண்டு சதவீதம் நகர்கிறது. எடை கூடி, எஞ்சினின் முதல் துள்ளல் கொஞ்சம் மந்தப்படுகிறது. பள்ளங்களைத் தாங்கும் என்பதற்காக அதைப் போடுகிறவர்களின் நியாயம் எனக்குப் புரிகிறது. அமைதிக்காக என்றால் அதில் பலன் இல்லை. பதினாறு இஞ்சுக்கு மாறியவர்கள் மறுபடி பதினைந்துக்குத் திரும்பலாம். உயரமான பக்கச்சுவரே பாதி அதிர்வைத் தின்றுவிடும். வேகக் குறியீட்டில் மட்டும் கையேட்டுக்குக் கீழே இறங்க வேண்டாம். ‘எச்’ என்றால் 210 கிலோமீட்டர் வரை, ‘டி’ என்றால் 190. இந்தக் காருக்கு ‘எச்’ வேண்டும்.

டூரிங் வகை டயர் போட்டதும் ஸ்டியரிங்கின் முதல் அசைவில் ஒரு சிறு மென்மை தெரியும். முன்பு விரலசைவுக்குத் திரும்பிய மூக்கு இப்போது ஒரு கணம் தாமதிக்கும். ஏற்காடு, கொல்லிமலை வளைவுகளில் அதை உணர்வீர்கள். அது உண்மையான இழப்புதான், மறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் ஈரச்சாலையில் பிரேக் பிடிக்கும் தூரம் வேறு விஷயம். அதை மட்டும் எந்த அமைதிக்காகவும் விலையாகக் கொடுக்கக்கூடாது. மைலேஜுக்காகவே செய்யப்பட்ட கெட்டி ரப்பர் டயர்களில் சில, மழையில் ஏமாற்றும். இரண்டு டயருக்கு இடையில் தடுமாறினால் மழையில் நன்றாக நிற்பதை எடுங்கள், கொஞ்சம் கூடுதலாகச் சத்தம் போட்டாலும் பரவாயில்லை.

மாட்டிய பிறகு வேலை கொஞ்சம்தான். அலைன்மென்ட், பேலன்சிங், கதவோரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் காற்றழுத்தம். மைலேஜுக்காக நாலு பாயின்ட் கூட அடிக்கும் பழைய பழக்கம் வசதியையும் கெடுக்கும், நடுப்பகுதியையும் தேய்க்கும். முதல் சில நாட்களில் டேஷ்போர்டில் ஒரு கிறீச், பின் கதவில் ஒரு கடகட என்று புதிது புதிதாகக் கேட்கும். அவை புதிதாக வந்தவை அல்ல. இத்தனை நாள் டயரின் இரைச்சலுக்கு அடியில் இருந்தவை. ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொள்ளலாம்.

வாங்கும் முன் ஒரு விஷயம். புதிதாக இருக்கும்போது எல்லா டயரும் அமைதிதான். முதல் வாரத்து மகிழ்ச்சியைக் கேட்டுக்கொண்டு யாரும் பணம் கட்ட வேண்டாம். நீங்கள் நினைத்திருக்கும் அதே டயரை, அதே அளவில், இருபத்தைந்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டிய ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். முடிந்தால் அவர் காரில், நீங்கள் அடிக்கடி போகும் நெடுஞ்சாலையில், பின்சீட்டில் உட்கார்ந்து ஒரு முறை போய்வந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.